ஒருவழிப் போனும் அப்பாவின் தெவசமும்

1

என் மேலாளர் கெட்டவர் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு கார்த்திகையிலும் அவரிடம் விடுப்புக் கேட்கப் போவது எனக்குப் பிடிக்காத வேலை. பாரிஸின் வடக்குப் புறநகரில் ஒரு பெரிய சலவைக் கூடத்தில் வேலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் ஓட்டல் துண்டுகளும் மலை மலையாக வரும். ஒருநாள் ஆள் குறைந்தாலும் மலை நகராது. ஆகவே காரணம் சொல்லியாக வேண்டும்.

"அப்பா இறந்த நாள் என்கிறீர்கள். சரி. போன வருஷம் வேறு தேதி எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முந்தின வருஷம் இன்னொரு தேதி. உங்கள் அப்பா எத்தனை தடவை இறந்தார்?" என்று இந்த முறை கேட்டுவிட்டார்.

தேய்பிறையையும் திதியையும் பிரெஞ்சில் விளக்குவதற்கு என்னிடம் இருக்கும் பிரெஞ்சு போதாது. சலவை இயந்திரத்தைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன். திதி என்றதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. "என் அப்பா நிலாவைப் பார்த்து வருவார்" என்று சொல்லி வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தபடியே கையெழுத்துப் போட்டார். பைத்தியம் என்று நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும், கையெழுத்து வந்ததா இல்லையா?

அந்த நாளுக்காக நான் இவ்வளவு மல்லுக்கட்டுவதற்குக் காரணம் உண்டு. புதுச்சேரிப் பக்கம் வில்லியனூருக்கு மேற்கே, கரும்பும் நெல்லும் போட்ட எங்கள் ஊரில், எனக்கென்று மிச்சம் இருக்கும் வேலை அந்த ஒன்றுதான். நிலத்தைத் தம்பி ஏழுமலை பார்க்கிறான். வீட்டை அவன் பார்க்கிறான். அம்மாவை அவனும் அவன் மனைவி மல்லிகாவும் பார்க்கிறார்கள். அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடுவது மட்டும் என் பாத்தியதை.

2

எங்கள் வீட்டு வழக்கம் இப்படி. தெவசத்தன்று அப்பா படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு எல்லாம் பரிமாறுவார்கள். உளுந்து வடை, பாயசம், அவருக்குப் பிடித்த கத்தரிக்காய் முருங்கைக்காய்க் குழம்பு. கற்பூரம் காட்டிய பிறகு கொள்ளி வைத்த மகன் இலைக்கு முன்னால் நின்று, "அப்பா, வாங்க, வந்து சாப்புடுங்க" என்று வாய்விட்டுக் கூப்பிட வேண்டும். அதன் பிறகுதான் காக்காய்க்குச் சோறு. அதன் பிறகுதான் அம்மாவின் வாயில் பச்சைத் தண்ணீர். ஊரில் எல்லா வீட்டிலும் இது இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அம்மா இருக்கும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

கொள்ளி வைத்தவன் நான். வைத்துவிட்டுக் காரியம் முடித்து விமானம் ஏறிவிட்டேன். ஆகவே முதல் வருஷத்திலிருந்தே போனில்தான் கூப்பிடுகிறேன். ஏழுமலை தன் போனை ஒரு பித்தளைச் சொம்பின்மீது சாய்த்து இலைக்கு எதிரே வைப்பான். நான் இங்கே குளித்து, வேட்டி கட்டி, சமையலறையில் நின்று கூப்பிடுவேன். அங்கே நடுப்பகல், இங்கே விடிந்தும் விடியாத குளிர்காலக் காலை. ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷத்துக்காக வருஷம் முழுவதும் நான் அந்த வீட்டின் மூத்த பிள்ளையாக இருக்கிறேன்.

அதற்காகவே வீட்டில் இருந்த பழைய இணைப்பை ஃபைபராக மாற்றச் சொன்னேன். ரவுட்டருக்கு அப்பா பெயரையே பாஸ்வேர்டாக வைத்தான் ஏழுமலை. இணைப்பும் அவர் பெயரில்தான். அவர் உயிரோடு இருந்தபோது வாங்கியது, பெயரை மாற்ற வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே நாள் போய்விட்டது.

3

இந்த வருஷம் தெவசத்துக்கு முந்தின நாள் அங்கே பேய்க்காற்று. வயலில் கரும்பு சாய்ந்ததும் மோட்டார் ஷெட்டின் தகரம் பறந்ததும் ஏழுமலை அனுப்பிய படங்களில் தெரிந்தது. மின்சாரம் போய்விட்டது. செல்போன் டவரும் போய்விட்டது, யாராலும் யாரையும் கூப்பிட முடியாது. எங்கள் தெருவில் இன்வெர்ட்டர் இருப்பது எங்கள் வீட்டில்தான். அதனால் ரவுட்டர் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. கடவுள் இருக்கிறார் என்று நினைத்தேன்.

நேரத்துக்குக் கூப்பிட்டேன். எடுத்தான். படம் வந்தது. அப்பா படத்துக்குச் சாமந்தி மாலை, குத்துவிளக்கு, இலை, இலையின் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்த அம்மா. வாயைத் திறந்தேன்.

"அண்ணே, இன்னா பேசவே மாட்ற?" என்றான் ஏழுமலை.

பேசிக்கொண்டுதான் இருந்தேன். இன்னும் சத்தமாகப் பேசினேன். அவன் போனைத் தட்டினான். "கேக்குதாண்ணே? ஒண்ணுமே வர்ல." அவர்களுடைய சத்தம் எனக்குத் தெளிவாக வந்தது. விளக்கின் திரி பொரிவதுகூடக் கேட்டது. என்னுடையது மட்டும் போகவில்லை.

வெட்டிவிட்டு மறுபடி அழைத்தேன். அதே கதை. எழுதி அனுப்பினேன்: ரவுட்டரை அணைத்துப் போடு. அணைத்தான், போட்டான், அது உயிர் வந்து சேரும்வரை நான் சமையலறையில் உலாத்தினேன். மறுபடியும் அழைத்தேன். "க்... க்..." என்று ஏதோ போயிருக்கிறது, அவ்வளவுதான். கோளாறு என் பக்கமாக இருக்கலாம் என்று இங்கே பாக்ஸையும் அணைத்துப் போட்டேன். இங்கே ரவுட்டரை பாக்ஸ் என்றுதான் சொல்வார்கள்.

மகள் காவ்யா கல்லூரிக்குக் கிளம்பி, காலணி மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் போனைக் கேட்டேன். அது என் பாக்ஸைத் தொடாமல் அவளுடைய சிம் வழியாகப் போகும், கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

"பப்பா, எனக்கு ட்ரெயின்" என்றாள். ஆனாலும் தந்தாள். அதிலும் அதே ஊமை. ஆக, கோளாறு ஊரில்.

"ஏன் கத்தறீங்க? தாத்தாவுக்கு மெசேஜ் அனுப்பினா போதாதா?" என்றாள். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டாள். அவளுக்குத் தாத்தா ஒரு போன் நம்பரில் இருப்பவர். இருந்தவர். அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் போனிலேயே மறுபடி அழைத்தேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அப்போதுதான் மல்லிகா கேமராவுக்குப் பின்னாலிருந்து சொன்னது கேட்டது. "அத்தைக்கு ஊசி போட்டாச்சே. எப்பவும் போலத்தான் போட்டன். இவ்ளோ நேரம் ஆவும்னு யாருக்குத் தெரியும்?"

அம்மாவுக்குச் சர்க்கரை. மதியம் இன்சுலின் போட்டால் உடனே சாப்பிட வேண்டும். வருஷா வருஷம் இலை போட்டதும் ஊசியும் போட்டுவிடுவார்கள், ஏனென்றால் நான் கூப்பிட ஒரு நிமிஷம்தானே ஆகும்.

4

குரல் பதிவு ஒன்று அனுப்பினேன். அதுவாவது மெதுவாகப் போய்ச் சேருமே. "அப்பா, வாங்க, வந்து சாப்புடுங்க." ஏழுமலை அதை இலைக்கு முன்னால் ஓடவிட்டான். என் குரல் அங்கிருந்து எனக்கே கேட்டது. நன்றாகத்தான் இருந்தது.

அம்மா தலையைக் குறுக்கே ஆட்டினாள். "இன்னாடா இது? ரிக்கார்டு போட்டுக் கூப்ட்டா வருவாரா அவுரு? உசுரோட கூப்புடச் சொல்லு."

"அம்மா, அண்ணன் சொன்னதுதாம்மா அது."

"சொன்னது வேற. சொல்றது வேற."

'அம்மா, நீ முதலில் சாப்பிடு' என்று அனுப்பினேன். ஏழுமலை படித்துக் காட்டினான். அவள் காதில் வாங்கவில்லை. அம்மாவின் பிடிவாதத்தை நான் அறிவேன், அதில் பாதி என்னிடம் இருக்கிறது.

மொபைலில் அந்த அழைப்பை அப்படியே திறந்து வைத்துவிட்டு, வீட்டுத் தொலைபேசியில் ஊரிலுள்ள இணைய நிறுவனத்தின் சேவை மையத்தைக் கூப்பிட்டேன். தமிழுக்கு ஒன்றை அழுத்து, புகாருக்கு மூன்றை அழுத்து, பிறகு நாதஸ்வரம். ஒரு காதில் நாதஸ்வரம், இன்னொரு காதில் "அத்தே, கை நடுங்குது பாருங்க" என்று மல்லிகா. கடைசியில் ஒரு பெண் வந்தாள். பணிவான பெண்.

"சார், இந்த கனெக்‌ஷன் உங்க ஃபாதர் பேர்ல இருக்கு. வெரிஃபை பண்ணணும். அவர்கிட்ட ஒரு நிமிஷம் போனைக் குடுக்கறீங்களா?"

"அவரைத்தாம்மா இவ்வளவு நேரமா கூப்பிடப் பாக்கறேன்" என்றேன்.

"லைன்ல வரமாட்டாரா சார்?"

"இறந்துட்டார்மா. இன்னைக்குத் தெவசம்."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம். பிறகு, "ஸாரி சார். அப்போ பேர் மாத்தணும்னா, டெத் சர்டிஃபிகேட்டோட ஆஃபீஸ் போகணும் சார்" என்றாள். அவள்மீது தப்பில்லை. எனக்குத்தான் தொலைபேசியைச் சுவரில் அடிக்க வேண்டும்போல் இருந்தது. வைத்துவிட்டேன்.

வெளிநாட்டில் இருப்பவனின் கோபம் ஒரு தினுசு. கை நீட்டினால் எட்டாத இடத்தில் எல்லாம் நடக்கும். படத்தில் அம்மாவின் நெற்றி வேர்வை தெரிந்தது. புடவைத் தலைப்பால் துடைத்தாள், துடைத்த இடத்தில் மறுபடி பூத்தது. அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி உட்கார்ந்துகொண்டு விளையாட்டுக் காட்டியது.

5

அப்போதுதான் ரவுட்டரின் ஆப் நினைவுக்கு வந்தது. போன முறை ஊருக்குப் போனபோது என் போனில் ஏற்றி வைத்தது. இங்கிருந்தே அந்த ரவுட்டருக்குள் எட்டிப் பார்க்கலாம். திறந்தேன்.

வீட்டில் இருப்பது இரண்டு போன், ஒரு டிவி. அங்கே வரிசையாகப் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. 'புல்லட் ராஜா', 'லூர்து மேரி', 'டெய்லர் அக்கா', 'கில்லாடி', 'மூணாவது வூடு'. விரலால் தள்ளத் தள்ள முடியவில்லை. எங்கள் தெரு முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

டவர் போன நாளில் வேறு எங்கே போவார்கள்? எங்கள் வீட்டு வாசல் ஷெட்டில் நின்று எல்லோரும் வைஃபை பிடித்திருக்கிறார்கள். பாஸ்வேர்டை ஏழுமலை மறைத்து வைக்கிற ஆள் இல்லை. ஒரு தெருவே அப்பாவின் பெயரைத் தட்டி உள்ளே வந்திருக்கிறது. வந்தவர்களில் சிலர் பிள்ளைகளிடம் பேசுகிறார்கள், சிலர் புயல் செய்தி பார்க்கிறார்கள், சிலர் போன்களில் அதுபாட்டுக்கு ஏதேதோ இறங்குகிறது. வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும் பாதை அடைத்துக்கொண்டது. வீட்டிலிருந்து வெளியே போகும் பாதை காலியாகக் கிடந்தது. அதனால்தான் அவர்களுடைய குரல் எனக்கு வந்தது, என்னுடையது உள்ளே நுழையவில்லை. சனிக்கிழமைச் சந்தையில் எதிரே வரும் கூட்டத்தில் மாட்டிக்கொண்டதைப் போல, என் குரல் வாசலிலேயே நின்றிருக்கிறது.

ஏழுமலைக்கு எழுதினேன்: தெருவில் இருக்கிறவர்களை நிறுத்தச் சொல், கொஞ்ச நேரம் போதும்.

அவன் படித்துவிட்டுப் போனைப் பார்த்துச் சொன்னான். "எப்புடிண்ணே சொல்றது? மேரியக்கா பொண்ணு புதுச்சேரி ஆஸ்பத்திரில கீது. ராத்திரிலேர்ந்து சேதி தெரியாம அக்கா அழுதுகினு இருந்துச்சி. இப்பதான் பேசுது."

"நீ சொல்ல வேணாம், நான் பார்த்துக்கறேன்" என்று கத்தினேன். கேட்காது என்று தெரிந்தே கத்தினேன். பிறகு ஒவ்வொரு பெயராக அழுத்தி 'நிறுத்து' என்று தட்டினேன்.

புல்லட் ராஜா போனார். கில்லாடி போனார். மூணாவது வூடு போனது. என் சமையலறையில் நின்றுகொண்டு எங்கள் தெருவை ஒவ்வொரு வீடாக அணைத்துக்கொண்டிருந்தேன். அங்கே வாசலிலிருந்து குரல்கள் எழுந்தன. "ஏழுமல, நெட்டு போச்சிபா." "இன்னாபா ஆச்சி?" லூர்து மேரியில் விரல் ஒரு கணம் நின்றது. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். தட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் குரல் வாசலில் உடைந்தது. "பேசிக்கினே இருந்தன். கட்டாயிடுச்சி."

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. அம்மா சாப்பிட வேண்டும், அதற்கு நான் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் என் தலைக்குள் இருந்தது.

6

நான் பெயர்களை அணைத்துக்கொண்டிருந்தபோது அங்கே நிலைமை முற்றிவிட்டது. அம்மாவின் பேச்சு குழறியது. "அவன் வருவான்... இருங்க..." என்றாள். கண் பாதி மூடியது.

மல்லிகா சர்க்கரைத் தண்ணீர்க் கிளாசோடு மண்டியிட்டாள். அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"அம்மா, நான் கூப்புடுறன்" என்றான் ஏழுமலை.

"நீ சின்னவன்டா."

"சின்னவன்தாம்மா." அவன் இலைக்கு முன்னால் வந்து நின்றான். அவன் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. சட்டையில்லாத, வெயிலில் கறுத்த முதுகு. "அவுரு படுக்கையில கெடந்தப்ப, தண்ணி வேணும்னா யாரக் கூப்ட்டாரு? திரும்பிப் படுக்கணும்னா யாரக் கூப்ட்டாரு? 'ஏழுமல, ஏழுமல'ன்னு என்னத்தான கூப்ட்டாரு? அவுரு கூப்ட்டப்பலாம் நான் வந்தன்மா. ஒரு தபா கூட வராம இருந்ததில்ல. இப்ப நான் கூப்ட்டா அவுரு வரமாட்டாரா?"

அவன் சத்தம் போடவில்லை. குறை சொல்லும் குரலும் இல்லை. உண்மையிலேயே பதில் வேண்டும் என்பது போலக் கேட்டான். என் தம்பி இவ்வளவு சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. போனில் நான் பேசுவேன், அவன் "ம்" கொட்டுவான். அவனுக்கு அப்படி ஒரு கேள்வி இருந்தது என்றே எனக்குத் தெரியாது. என் குரல் அங்கே கேட்டுக்கொண்டிருந்தால் அது வெளியே வந்திருக்காது.

பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. கைகூப்பினான்.

"அப்பா... வாங்கப்பா. வந்து சாப்புடுங்க."

செருமினேன். அந்தச் செருமல் கொஞ்சம் தாமதித்து என் போனிலேயே திரும்பக் கேட்டது. அங்கே ஸ்பீக்கரில் ஒலித்து, அங்கிருந்து திரும்பி வந்திருக்கிறது. பாதை திறந்துவிட்டது. ஏழுமலையின் குரலுக்கு அடியில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

இப்போது நான் பேசினால் அந்த அறை முழுவதும் கேட்கும். வாயைத் திறந்தும் விட்டேன். எனக்கு முதலில் வந்தது கோபம்தான், அதை மறைப்பானேன். அது என்னுடைய ஒரு நிமிஷம். அந்த வீட்டில் எனக்கென்று இருந்த கடைசி இடம். நான் "அப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மா என் பக்கம் திரும்பிவிடுவாள், ஏழுமலை கூப்பிட்டது கூப்பிடாததாகிவிடும். அவனே போனை எடுத்து இலைக்கு முன்னால் இன்னும் நெருக்கி வைப்பான். அவன் அப்படிப்பட்டவன்.

படத்தில் அம்மா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். சொம்பில் சாய்ந்திருந்த போனைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தாள். பிறகு மல்லிகாவின் கையிலிருந்த கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். மார்பெல்லாம் சிந்தியது.

நான் ஆப்பைத் திறந்தேன். லூர்து மேரியை முதலில் உள்ளே விட்டேன். பிறகு மூணாவது வூடு, டெய்லர் அக்கா, கில்லாடி, புல்லட் ராஜா. ஒருவர் பாக்கியில்லை. வாசலில் "வந்துடுச்சி, வந்துடுச்சி" என்று குரல்கள். மெதுவாக "ஹலோ" என்று சொல்லிப் பார்த்தேன். எதுவும் திரும்பி வரவில்லை.

ஏழுமலை ஒரு பிடிச் சோறோடு மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டது. மல்லிகா பாயசத்தை ஊட்டினாள். அம்மா அவசரமில்லாமல் விழுங்கினாள். கொஞ்சம் கொஞ்சமாக அவள் முகம் தெளிந்ததை நான் இங்கே, வேட்டியோடு, ஆறிப்போன காபிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கண்ணீர் வந்தது. பயம் தீர்ந்ததற்கா, இடம் போனதற்கா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஏழுமலை தூறலில் நனைந்த தலையோடு கீழே வந்தான். "காக்கா எடுத்துடுச்சிம்மா" என்றான். பிறகு போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தான். "அண்ணே, கேக்குதா? அம்மா சாப்ட்டுச்சி. உன் சத்தந்தான் இன்னும் வர்ல. ரவுட்டர இன்னொரு வாட்டி ஆஃப் பண்ணிப் போடட்டா?"

பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. தெளிவான, பழைய அதட்டல் குரல்.

"எதுக்குடா இப்ப? அதான் நீ கூப்ட்டியே. உங்கப்பா சாப்ட்டுகினு இருக்காரு. சும்மா இரு."